விதை போட்டதற்கும் நகரம் எழுந்ததற்கும் நடுவே ஐயாயிரம் வருடம்

பள்ளிக்கூடத்தில் படித்த சரித்திரம் பெரும்பாலானவர்களுக்கு நாலு வரியில்தான் ஞாபகம் இருக்கும். மனிதன் காட்டில் வேட்டையாடித் திரிந்தான், அப்புறம் விவசாயம் கற்றுக்கொண்டான், ஆற்றங்கரையில் குடியேறினான், உடனே நகரம், ராஜா, எழுத்து, கோயில் எல்லாம் வந்துவிட்டது. இதில் எனக்கு இடிக்கிற சொல் அந்த 'உடனே'. மேற்கு ஆசியாவில் கோதுமையும் பார்லியும் பயிராகத் தொடங்கிய காலத்துக்கும், அதே பகுதியில் நகரம் என்று சொல்லத்தக்க ஒன்று எழுந்த காலத்துக்கும் இடையே ஏறக்குறைய ஐயாயிரம் வருடம் ஓடியிருக்கிறது. எகிப்தின் பெரிய பிரமிடு கட்டப்பட்டு இன்றோடு நாலாயிரத்து அறுநூறு வருடம்தான் ஆகிறது, அதை விட நீண்ட காலம் இது. அவ்வளவு காலமும் ஜனங்களிடம் வயல் இருந்தது, ஆடு மாடு இருந்தது, மண் வீடு இருந்தது, நகரம் மட்டும் இல்லை. அப்படியானால் விவசாயத்துக்கு மேல் இன்னும் ஏதோ ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மிச்சமான தானியம் ஓரிடத்தில் குவிய வேண்டும், குவிந்ததை ஒருவர் எண்ணிக் கணக்கு வைக்க வேண்டும். சரி, முதலிலிருந்து வருவோம்.

ஹோமோ சேப்பியன்ஸ் என்கிற நம் இனத்தின் எலும்புகளில் இதுவரை கிடைத்ததிலேயே பழையவை மொராக்கோவில் ஜெபல் இர்ஹூத் என்ற இடத்தில் கிடைத்தவை, வயது சுமார் 3 லட்சம் வருடம். விவசாயத்தின் வயது சுமார் 11 ஆயிரம் வருடம். அதாவது நம் இனத்தின் ஆயுளில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு வேட்டையாடியும் கிழங்கு, பழம், விதை பொறுக்கியும் போயிருக்கிறது. மூளை அப்போதும் இதே மூளைதான், புத்தி குறைவால் விவசாயம் செய்யாமல் இருந்தார்கள் என்று நினைப்பது தப்பு. செடி எங்கிருந்து முளைக்கிறது என்று காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

வேட்டையாடி வாழ்ந்த கூட்டங்கள் சிறியவை, இருபது முப்பது பேர், சில சமயம் கொஞ்சம் கூடுதல். இரை நகர நகர இவர்களும் நகர வேண்டும், ஆகவே தூக்கிக்கொண்டு நடக்க முடிந்த அளவுதான் சொத்து. பெரிய மிருகம் ஒன்றை அடித்துவிட்டால் அத்தனை மாமிசத்தையும் ஒரு குடும்பம் தின்று தீர்க்க முடியாது, வைத்திருந்தால் கெட்டுப்போகும். அப்போது அதைப் பத்திரப்படுத்தச் சிறந்த இடம் பக்கத்துக் குடிசைக்காரனின் வயிறுதான். இன்று நான் கொடுக்கிறேன், நாளை எனக்கு எதுவும் சிக்காத நாளில் நீ கொடுப்பாய். காலஹாரி பாலைவனத்துக் குங் மக்களோடு 1960களில் தங்கியிருந்த மானிடவியலாளர் ரிச்சர்ட் லீ ஒரு பழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார்: ஒருவன் நல்ல கொழுத்த மிருகத்தை அடித்து வந்தால் மற்றவர்கள் பாராட்ட மாட்டார்கள், இந்த எலும்புக்கூட்டைத் தூக்கவா எங்களை இவ்வளவு தூரம் வரச் சொன்னாய் என்று மட்டம் தட்டுவார்கள். வேட்டைக்காரனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டால் நாளைக்கு எல்லோரையும் அதட்ட ஆரம்பித்துவிடுவான் என்ற பயம். இன்றைய வேட்டைச் சமூகங்களை அப்படியே பழங்காலத்தின் நகலாக எடுத்துக்கொள்ள முடியாதுதான். ஆனால் சேர்த்து வைக்க முடியாத இடத்தில் பெரிய ஆள், சின்ன ஆள் என்ற வித்தியாசம் வேர் பிடிப்பது கஷ்டம் என்பதை இது நன்றாகக் காட்டுகிறது.

இனி முதல் ஆச்சரியம். விவசாயம் வந்ததால் மனிதன் ஓரிடத்தில் தங்கினான் என்றுதான் நாம் படித்தோம், மேற்கு ஆசியாவில் நடந்தது தலைகீழ். இன்றைய இஸ்ரேல், பாலஸ்தீனம், ஜோர்டான், சிரியா பகுதிகளில் சுமார் 15 ஆயிரம் வருடங்களுக்கு முன்பு வாழ்ந்த நட்டூஃபியர் என்று அழைக்கப்படுகிறவர்கள் விவசாயம் செய்யவில்லை, ஆனாலும் வட்டமான கல் அடித்தளம் போட்ட வீடுகளில் வருடத்தின் பெரும்பகுதி ஒரே இடத்தில் இருந்திருக்கிறார்கள். ஐன் மல்லாஹா என்ற இடத்தில் ஒரு முதியவரைப் புதைத்திருக்கிறார்கள், அவர் கை ஒரு நாய்க்குட்டியின் மேல் வைக்கப்பட்டிருக்கிறது. ஜோர்டானின் வடகிழக்கில் ஷுபைக்கா என்ற இடத்தில் 14,400 வருடப் பழைய அடுப்பிலிருந்து கருகிய ரொட்டித் துணுக்குகள் கிடைத்தன, யாரும் பயிரிடாத காட்டுத் தானியத்தில் சுட்ட ரொட்டி. ஒரு அமெரிக்கப் பயிரியல் அறிஞர், ஜாக் ஹார்லன், 1960களில் தென்கிழக்குத் துருக்கியின் மலைச்சரிவில் சிக்கிமுக்கிக் கல் பதித்த அரிவாளால் காட்டுக் கோதுமையை அறுத்துப் பார்த்தார். மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ சுத்தமான தானியம் தேறியது. ஒரு குடும்பம் மூன்று வாரம் அறுத்தால் வருடத்துக்குத் தேவையானதை விட அதிகமாகச் சேர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். இப்படிச் சும்மா விளைந்து கிடக்கிற இடத்தை விட்டு யார் நகர்வார்கள்? இத்தனை தானியத்தைத் தோளில் சுமந்துகொண்டு திரியவும் முடியாது. தங்கினார்கள்.

தென்கிழக்குத் துருக்கியிலேயே உள்ள கோபெக்லி டெபே இன்னொரு அதிர்ச்சி. கி.மு. 9500 வாக்கில் தொடங்கி, ஐந்து மீட்டருக்கு மேல் உயரமுள்ள, நரியும் பாம்பும் கழுகும் செதுக்கிய கல் தூண்களை வட்ட வட்டமாக நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்தியவர்கள் வேட்டைக்காரர்கள், அங்கே கிடைத்த எலும்பெல்லாம் காட்டு மிருகங்களின் எலும்பு. பெரிய கட்டடம் கட்ட ராஜாவும் வயலும் வேண்டும் என்ற எண்ணம் அங்கேயே அடிபட்டுவிட்டது.

பிறகு விவசாயம் எப்படித்தான் வந்தது? ஒரு காட்டுக் கோதுமைக் கதிரைக் கையில் எடுத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். காட்டுக் கதிர் முற்றியதும் காற்று பட்டாலே மணி மணியாக உடைந்து தரையில் சிந்தும், சிந்தினால்தானே அடுத்த வருடம் முளைக்க முடியும், செடிக்கு அதுதான் வேண்டியது. அறுக்கிறவனுக்கு அது நஷ்டம். ஆனால் எங்கோ ஒன்றிரண்டு செடிகளில் ஏற்பட்ட மாற்றத்தால் மணி உதிராமல் தண்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். காட்டில் அந்தச் செடிக்கு வாரிசு கிடையாது. மனிதன் அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோகும்போதோ, உதிர்கிற மணிகள் வழியிலேயே உதிர்ந்துவிடும், உதிராதவைதான் கூடைக்குள் அதிகம் போய்ச் சேரும். அதில் ஒரு பங்கை அடுத்த வருடம் விதைத்தால் உதிராத ரகம் கொஞ்சம் கூடும், அதற்கடுத்த வருடம் இன்னும் கொஞ்சம். யாரும் திட்டம் போட்டுச் செய்த வேலை இல்லை இது. அகழாய்வில் கிடைக்கும் கருகிய கதிர்த்துண்டை நுண்ணோக்கியில் பார்த்தால், தானாக உதிர்ந்ததில் வழவழப்பான வடு இருக்கும், அடித்துப் பிரித்ததில் பிய்ந்த வடு இருக்கும், அதை வைத்துத்தான் காடா வயலா என்று சொல்கிறார்கள். பிய்ந்த வடு மெல்ல மெல்லக் கூடி முழுசாக ஆக்கிரமிக்க ஆயிரம் வருடத்துக்கு மேல் பிடித்திருக்கிறது. 'விவசாயப் புரட்சி' என்ற சொல்லைக் கேட்டால் ஒரு தலைமுறையில் நடந்த மாதிரி தோன்றும், அந்தந்தக் காலத்தில் வாழ்ந்தவனுக்குத் தன் தாத்தா காலத்துக்கும் தன் காலத்துக்கும் ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது.

லாபமா என்று கேட்டால், உடம்புக்கு நஷ்டம்தான். சிரியாவில் அபு ஹுரைரா என்ற பழைய கிராமத்தின் எலும்புகளை ஆராய்ந்தபோது, முக்கியமாகப் பெண்களின் எலும்பில், கால் பெருவிரல் மூட்டு தேய்ந்தும் முழங்காலும் இடுப்பும் சேதமாகியும் இருந்தன. தினமும் மணிக்கணக்கில் மண்டியிட்டு, கால்விரல்களை மடக்கி ஊன்றி, முன்னும் பின்னுமாக அசைந்து அரைகல்லில் மாவு அரைத்த தேய்மானம் அது. பல இடங்களில் ஆதி விவசாயிகள் தங்களுக்கு முந்தைய வேட்டைக்காரர்களை விடக் குள்ளமாக இருந்தார்கள், பல் சொத்தை கூடியது, ஒரே தானியத்தை நம்பியதால் சத்துக் குறைவு வந்தது, ஆடு மாடோடும் குப்பையோடும் ஓரிடத்தில் நெருக்கியடித்து வாழ்ந்ததால் தொற்று நோய்கள் பெருகின. அப்படியென்றால் ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை? குழந்தைகள். நடந்துகொண்டே இருக்கும் கூட்டத்தில் ஒரு பெண் இரண்டு கைக்குழந்தைகளைச் சுமக்க முடியாது, அதனால் பிள்ளைப்பேறுக்கு நடுவே மூன்று நாலு வருட இடைவெளி விழும். ஓரிடத்தில் தங்கி, கூழ் காய்ச்சிக் குழந்தைக்கு ஊட்ட முடிந்தால் பால் சீக்கிரம் மறக்கடிக்கலாம், அடுத்த குழந்தையும் சீக்கிரம் வரும். சில தலைமுறையில் கூட்டம் இத்தனையாகிவிட்ட பிறகு பழையபடி காட்டை நம்பிப் போனால் பாதிப் பேருக்குச் சோறு கிடைக்காது. புலி வால் பிடித்த கதைதான்.

இது ஒரே இடத்தில் நடந்து உலகெங்கும் பரவிய விஷயமும் இல்லை. சீனாவில் யாங்சே பக்கம் நெல், மஞ்சள் ஆற்றுப் பக்கம் தினை வகைகள், மெக்சிகோவில் தியோசின்டே என்ற புல்லிலிருந்து மக்காச்சோளம், ஆண்டிஸ் மலையில் உருளைக்கிழங்கு, நியூ கினியில் வாழையும் சேம்பும் என்று ஒருவரையொருவர் அறியாத ஜனங்கள் தனித்தனியாகச் செய்திருக்கிறார்கள். பனிக்காலம் முடிந்து, சுமார் 11,700 வருடங்களுக்கு முன்பு தொடங்கி, பருவநிலை ஓரளவு நிலையாக இருந்ததுதான் எல்லோருக்கும் பொதுவாக அமைந்த வாய்ப்பு.

இனிதான் அந்த நீண்ட ஐயாயிரம் வருடம் வருகிறது. இதற்குள் இருந்து ஒரு ஊரை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்: துருக்கியில் சாட்டல்ஹோயுக், கி.மு. 7100 வாக்கில் தொடங்கி ஆயிரம் வருடத்துக்கு மேல் மனிதர்கள் இருந்த ஊர். அங்கே தெரு கிடையாது. பச்சைச் செங்கல் வீடுகள் தேன்கூட்டு அறைகள் மாதிரி ஒன்றோடொன்று முதுகு ஒட்டி நிற்கும். வீட்டுக்குப் போக மொட்டைமாடி வழியாக நடந்து, கூரையில் உள்ள துவாரத்தில் ஏணி வைத்து இறங்க வேண்டும், அதே துவாரம்தான் அடுப்புப் புகை வெளியேறவும். புகை சரியாக வெளியேறவில்லை என்பதற்கு, வயதானவர்களின் எலும்புக்கூட்டில் விலாவின் உட்புறம் படிந்திருந்த கரியே சாட்சி. செத்தவர்களை வீட்டுக்குள்ளேயே, படுத்துத் தூங்குகிற திண்ணையின் அடியில் புதைத்துவிட்டு மேலே பூசி மெழுகி அங்கேயே வாழ்ந்தார்கள். மக்கள்தொகை ஆயிரக்கணக்கில் இருந்தது என்று வெகுகாலமாகச் சொல்லி வந்தார்கள், சமீபத்தில் சிலர் அதைக் குறைத்தும் மதிப்பிடுகிறார்கள். எப்படியானாலும் பெரிய ஊர். அங்கே அரண்மனை இல்லை, தனிக் கோயில் இல்லை, ஊர்ப் பொதுக் களஞ்சியமும் இல்லை. எல்லா வீடும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் அவரவர் தானியத் தொட்டி. உக்ரைனில் கி.மு. 4000 வாக்கில் திரிப்பில்லியா என்ற பண்பாட்டினர் கட்டிய சில குடியிருப்புகள் 200 ஹெக்டேருக்கும் மேல் விரிந்தவை, வளையம் வளையமாக ஆயிரம் வீடு, அங்கேயும் ராஜா வீடு என்று ஒன்றைக் காட்ட முடியவில்லை. கூட்டம் சேர்ந்தாலே ராஜா வந்துவிடுவான் என்பதும் இல்லை போலிருக்கிறது.

இந்த இடத்தில் 'நாகரிகம்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நகரத்திலிருந்து வந்த சொல்தான் அது. ஆனால் நம் பேச்சில் நல்ல நடத்தை என்ற பொருள் ஏறி உட்கார்ந்துவிட்டது, மரியாதையில்லாமல் நடந்தால் அநாகரிகம் என்கிறோம். அதனால் நாகரிகத்துக்கு முந்தைய மனிதன் என்றதும் அறியாமல் ஒரு முரட்டு உருவம் மனதில் வந்துவிடுகிறது. இந்தக் கட்டுரையில் அந்தப் பொருளைத் தூக்கி ஓரமாக வையுங்கள். ஆராய்ச்சியாளர்கள் இதைக் கொஞ்சம் வறட்டுத்தனமான அர்த்தத்தில்தான் பயன்படுத்துகிறார்கள். கார்டன் சைல்ட் என்ற தொல்லியலாளர் 1950இல் நகரத்துக்கு என்னென்ன அடையாளம் என்று பத்து அம்சங்களை எழுதினார்: உணவு உற்பத்தி செய்யாத முழுநேரக் கைவினைஞர்கள், வரியாகக் குவியும் உபரி, பெரிய பொதுக் கட்டடங்கள், ஆளும் வகுப்பு, எழுத்து, தூரதேச வணிகம் என்று போகும் அந்தப் பட்டியல். எல்லா நாகரிகமும் எல்லாக் கட்டத்திலும் டிக் வாங்காது என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அடிப்படை சரி, ஒருவரையொருவர் முகம் தெரியாதவர்கள் பல ஆயிரம் பேர் ஒரே ஏற்பாட்டுக்குள் வாழ்வது. உறவுமுறை சொல்லிக் கூப்பிட முடியாதவனிடம் கொடுத்ததையும் வாங்கியதையும் எப்படி ஞாபகம் வைப்பது?

அந்தக் கேள்விக்கு முதலில் விடை கண்டது இன்றைய தெற்கு ஈராக், யூப்ரடீஸ் டைகிரிஸ் ஆறுகள் கடலைச் சேரும் வண்டல் சமவெளி, சுமேரியர் நாடு. பார்த்தால் நகரம் எழ ஏற்ற இடமாகவே தெரியாது. மழை போதாது, கல் இல்லை, நல்ல மரம் இல்லை, தாது இல்லை. இருப்பதெல்லாம் மண், தண்ணீர், நாணல், மீன். தண்ணீரும் சொன்ன பேச்சு கேட்காது: துருக்கி மலைகளில் பனி உருகி வெள்ளம் வருவது வசந்தத்தில், அதாவது கதிர் முற்றி அறுவடைக்கு நிற்கிற நேரத்தில். விதைக்கிற காலத்தில் ஆறு ஒல்லியாக ஓடும். ஆகவே வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவரவும் வேண்டும், கரை கட்டித் தண்ணீரைத் தடுக்கவும் வேண்டும். ஆனால் அதைச் செய்துவிட்டால் அந்த வண்டலில் பார்லி அள்ளிக் கொடுக்கும். கல், மரம், செம்பு எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டும் என்பதால் கொடுத்து வாங்க உபரியும் வேண்டும்.

கி.மு. 3100 வாக்கில் இங்கே ஊருக் என்ற நகரம் சுமார் 250 ஹெக்டேருக்கு விரிந்திருந்தது, பல பத்தாயிரம் பேர். நடுவில் இனான்னா தெய்வத்தின் கோயில் வளாகம். கோயில் என்றால் வழிபாடு மட்டும் இல்லை, நிலம், களஞ்சியம், நெசவுக்கூடம், மந்தை எல்லாம் அதன் கையில். இந்த நகரத்தை எனக்குப் புரியவைத்தது அங்கே கிடைத்த ஒரு மட்டமான கிண்ணம். விளிம்பு சாய்வாக வெட்டிய, சொரசொரப்பான, எந்த அழகும் இல்லாத களிமண் கிண்ணம், சக்கரத்தில் வனையாமல் அச்சில் அழுத்திச் செய்தது. தோண்டிய இடமெல்லாம் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது, அந்தக் காலத்து மற்ற பாத்திரங்களைத் தூக்கிச் சாப்பிடும் எண்ணிக்கை. எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி. கோயில் வேலைக்கு வந்தவர்களுக்குக் கூலியாகத் தானியம் அளந்து கொடுத்த கிண்ணம் என்பது பலர் கருத்து, ரொட்டி சுடும் அச்சு என்று சொல்கிறவர்களும் உண்டு. எதுவானாலும், முதல் எழுத்தில் உணவு என்பதற்கு வரையப்பட்ட குறி இந்தக் கிண்ணத்தின் வடிவம்தான். ஒரு மனிதத் தலைக்குப் பக்கத்தில் இந்தக் கிண்ணத்தை வரைந்தால் 'உண்' என்று அர்த்தம், படி அளப்பது என்றும் அர்த்தம். தன் சோற்றைத் தானே விளைவிக்காமல் இன்னொருவர் அளந்து கொடுக்கிற கிண்ணத்துக்காக வரிசையில் நிற்கிற மனிதன் அப்போதுதான் சரித்திரத்தில் முதல் தடவையாகக் கூட்டமாகத் தென்படுகிறான்.

அளந்து கொடுத்தால் கணக்கு வேண்டுமே. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, கி.மு. 8000 வாக்கிலிருந்தே, மேற்கு ஆசியாவில் கூம்பு, உருண்டை, தட்டு என்று சின்னச் சின்னக் களிமண் வில்லைகள் கிடைக்கின்றன, பொருட்களை எண்ண வைத்திருந்தவை என்று கருதப்படுகிறது. கி.மு. 3500 வாக்கில் இந்த வில்லைகளை ஒரு களிமண் உருண்டைக்குள் போட்டு மூடி, மேலே முத்திரை பதித்து அனுப்பும் வழக்கம் வந்தது, இன்றைய சீல் வைத்த கவர் மாதிரி. உள்ளே எத்தனை இருக்கிறது என்று உடைக்காமல் தெரிய வேண்டும் என்பதால் மூடுவதற்கு முன் வில்லைகளை வெளிப்புறத்தில் அழுத்தி அச்சு எடுத்தார்கள். அப்புறம் யாருக்கோ தோன்றியிருக்கும், வெளியிலேயே அச்சு இருக்கும்போது உள்ளே வில்லை எதற்கு? உருண்டை தட்டையானது, களிமண் பலகை ஆனது, எண்ணுக்குப் பக்கத்தில் பொருளின் படமும் வந்தது. எழுத்து பிறந்த வழி இதுதான் என்ற விளக்கத்தில் சில கண்ணிகளை எதிர்க்கிறவர்கள் உண்டு, ஆனால் ஊருக்கின் முதல் பலகைகளில் என்ன இருக்கிறது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை: ஏறக்குறைய ஐயாயிரம் பலகைகள், அவற்றில் பத்துக்கு எட்டுக்கு மேல் வரவு செலவுக் கணக்கு. கவிதை இல்லை, கதை இல்லை, ராஜா புகழ் இல்லை. ஒரு பலகை சொல்கிறது: 29,086 அளவு பார்லி, 37 மாதம், குஷிம். குஷிம் என்பது ஆளின் பெயரா பதவியின் பெயரா என்று இன்னும் வாதம் நடக்கிறது. ஆள் பெயர்தான் என்றால், நமக்குத் தெரிந்த மிகப் பழைய பெயர்களில் ஒன்று ராஜாவுக்கோ வீரனுக்கோ உரியதாக இல்லாமல், பீர் காய்ச்சும் பார்லிக்குக் கணக்கு எழுதிய ஒரு கணக்குப்பிள்ளைக்கு உரியது என்று ஆகிறது. எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

படம் எப்படிப் பேச்சாக மாறியது என்பதும் சுவாரசியமானது. சுமேரிய மொழியில் அம்புக்கு 'தி' என்று பெயர், உயிருக்கும் கிட்டத்தட்ட அதே ஒலி. உயிரை எப்படி வரைவது? அம்பை வரைந்துவிட்டு உயிர் என்று படித்தார்கள். படத்தின் பொருளை விட்டு ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டால் எந்தச் சொல்லையும், யாருடைய பெயரையும் எழுதிவிடலாம். துதிப்பாடல்களும் கதைகளும் களிமண்ணுக்கு வர அதன் பிறகும் சில நூற்றாண்டுகள் ஆயின. தன் பெயரோடு நமக்குக் கிடைக்கிற முதல் கவிஞர் கி.மு. 2300 வாக்கில் வாழ்ந்த என்ஹெடுவான்னா என்ற பெண், அக்காத் மன்னர் சர்கோனின் மகள்.

இந்தக் கணக்குக்கு ஒரு இருட்டுப் பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் பாதிக் கதைதான். ஆதிப் பலகைகளிலேயே பெண் என்ற குறியோடு மலை என்ற குறியைச் சேர்த்தால் அடிமைப் பெண், மலைநாட்டிலிருந்து பிடித்து வரப்பட்டவள். கி.மு. 2100 வாக்கில் 'ஊர்' (Ur) என்றே பெயர் கொண்ட சுமேரிய நகரத்து அரசின் பதிவுகளைப் பார்த்தால், வேலையாள் ஆணுக்கு மாதம் சுமார் 60 லிட்டர் பார்லி, பெண்ணுக்கு வழக்கமாக 30. எண்ணத் தெரிந்தவனுக்குப் பார்லியையும் ஆட்டையும் எண்ணுவதும் ஆளை எண்ணுவதும் ஒரே வேலைதான்.

ஏன் தானியம் இருந்த இடத்திலேயே பெரும்பாலும் அரசுகள் முளைத்தன என்பதற்கு எனக்கு நம்பத்தகுந்ததாகத் தோன்றும் விளக்கம் இது. தானியம் தரைக்கு மேல் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நிற்கிறது, எல்லாம் ஒரே சமயத்தில் முற்றுகிறது, காய்ந்தால் வருடக்கணக்கில் கெடாது, எத்தனை சிறிய அளவாகவும் பிரிக்கலாம். வரி வசூலிக்க வருகிறவன் சரியாக அறுவடை நாளில் வந்து நின்றால் போதும். கிழங்கு அப்படி இல்லை, மண்ணுக்குள் ஒளிந்துகொண்டு எப்போது வேண்டுமானாலும் தோண்டலாம் என்று கிடக்கும். இதோடு ராபர்ட் கார்னீரோ என்ற மானிடவியலாளர் 1970இல் சொன்ன ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: தப்பி ஓட இடமில்லாத நிலப்பரப்பு. காடு பரந்து கிடக்கிற இடத்தில் தலைவன் தொல்லை கொடுத்தால் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போய்விடலாம். நைல் பள்ளத்தாக்கில் இந்தப் பக்கமும் பாலைவனம், அந்தப் பக்கமும் பாலைவனம், எங்கே போவது? பெரிய வாய்க்கால்களை நிர்வகிக்கத்தான் ராஜா வந்தான் என்று ஒரு பழைய கோட்பாடும் உண்டு, அது அவ்வளவு சரியாகப் பொருந்தவில்லை, ஏனென்றால் ஆரம்ப கால வாய்க்கால்கள் சிறியவை, அந்தந்த ஊர்க்காரர்களே பார்த்துக்கொண்டார்கள்.

எகிப்தை வேகமாகக் கடந்துவிடலாம், அதைப் பற்றி எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும். நைலின் வெள்ளம் கோடையில் வந்து, விதைப்புக்குச் சரியாக வடிந்துவிடும், சுமேரியர் பார்த்துப் பொறாமைப்பட வேண்டிய ஆறு. கி.மு. 3100 வாக்கில் மேல் எகிப்தும் கீழ் எகிப்தும் ஒரே ஆட்சிக்குள் வந்தன, நார்மர் என்ற மன்னரின் பெயர் அதோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. அங்கேயும் எழுத்தின் மிகப் பழைய தடயங்கள் அபிடோஸ் கல்லறை ஒன்றில் கிடைத்த, ஓட்டை போட்ட சின்ன எலும்பு, தந்தத் துண்டுகள், மூட்டையில் கட்டித் தொங்கவிட்ட சீட்டுகள். 2013இல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜார்ஃப் என்ற இடத்தில் மெரெர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு கிடைத்தது, கூஃபுவின் பெரிய பிரமிடுக்காகத் தூராவிலிருந்து சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றிப் போன தினசரிப் பதிவு. கூடவே கிடைத்த மற்றத் தாள்களில் என்ன இருந்தது தெரியுமா? எத்தனை ரொட்டி, எத்தனை தானியம் வந்தது, இன்னும் எவ்வளவு பாக்கி.

சிந்துவெளி மட்டும் என் விளக்கத்துக்கு அடங்காமல் நழுவுகிற நாகரிகம், அதனாலேயே எனக்குப் பிடித்ததும் அதுதான். பலுசிஸ்தானில் மெஹர்கர் என்ற இடத்தில் கி.மு. 7000 வாக்கிலிருந்தே பார்லியும் திமில் உள்ள மாடும் வளர்த்திருக்கிறார்கள், சிக்கிமுக்கிக் கல் துரப்பணத்தால் உயிரோடு இருந்தவர்களின் கடைவாய்ப் பல்லில் துளை போட்டிருக்கிறார்கள். அங்கிருந்தும் நகரத்துக்கு வர நாலாயிரம் வருடத்துக்கு மேல் பிடித்தது. கி.மு. 2600 முதல் 1900 வரை ஹரப்பா, மொகஞ்சதாரோ, தோலாவிரா, ராக்கிகரி என்று நகரங்கள் செழித்தன. செங்கல்லின் உயரம், அகலம், நீளம் மூன்றும் 1:2:4 என்ற விகிதம், நூற்றுக்கணக்கான மைல் தள்ளியுள்ள ஊர்களிலும் அதே விகிதம். கல்லில் கனசதுரமாக வெட்டிய எடைக்கற்கள் ஒன்று, இரண்டு, நாலு, எட்டு, பதினாறு என்று இரட்டித்துக்கொண்டே போகும், அந்தப் பதினாறு மடங்கு எடைக்கல் சுமார் 13.7 கிராம். வீட்டுக்கு வீடு குளியலிடம், மூடிய சாக்கடை. மொகஞ்சதாரோவின் பெரிய குளத்துக்கு நீர் கசியாமல் இருக்க நிலக்கீல் பூசியிருக்கிறார்கள். (1850களில் லாகூர் முல்தான் ரயில் பாதை போட்டவர்கள் ஹரப்பாவின் செங்கல்லை வண்டி வண்டியாக அள்ளித் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டினார்கள். என்ன என்னவெல்லாம் போயிற்றோ.)

இத்தனை ஒழுங்கை யார் அதிகாரத்தில் கொண்டுவந்தார்கள்? அரண்மனை என்று உறுதியாகச் சொல்ல ஒரு கட்டடம் இல்லை, ராஜ கல்லறை இல்லை, எதிரிகளை மிதிக்கிற மன்னர் சிற்பம் ஒன்றுகூட இல்லை. தாடி வைத்த ஒரு சிறிய சிலைக்கு 'பூசாரி அரசர்' என்று பெயர் வைத்தது தோண்டியவர்கள், உயரம் 17.5 சென்டிமீட்டர்தான். எழுத்து இருந்தது, சராசரியாக ஐந்து குறிகள் கொண்ட குட்டிக் குட்டி வரிகள், இன்னும் படிக்க முடியவில்லை. பெரும்பாலும் முத்திரைகளில்தான் இருக்கிறது, முத்திரை என்றால் சரக்கு, சரக்கு என்றால் கணக்கு, அதுவரை நம் கதையோடு ஒத்துப்போகிறது. மெசொப்பொத்தேமியர்கள், அதாவது பழைய ஈராக்கின் மக்கள், மெலுஹா என்று அழைத்தது இந்த நாட்டைத்தான் என்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். மெலுஹாவின் கப்பல்கள் தன் துறைமுகத்தில் வந்து நிற்கின்றன என்று சர்கோன் பெருமையடித்துக்கொண்டான், மெலுஹா மொழிபெயர்ப்பாளர் ஷு-இலிஷு என்று ஒருவரின் சொந்த முத்திரையே கிடைத்திருக்கிறது. அந்த ஆள் கையில் ஒரே ஒரு இருமொழிப் பலகை இருந்து, அது நமக்குக் கிடைத்திருந்தால்!

எழுத்தே இல்லாமலும் இது முடியும் என்பதற்குத் தென் அமெரிக்கா இருக்கிறது. பெருவில் காரல் என்ற நகரம் கி.மு. 2600 வாக்கிலேயே பெரிய மேடைக் கோயில்களோடு நின்றது, எகிப்தின் பிரமிடுகளுக்குச் சமகாலம். அங்கே எழுத்தும் இல்லை, மண்பானையும்கூட இல்லை, உள்நாட்டில் விளைந்த பருத்தியை வலைக்குக் கொடுத்துக் கடற்கரை மீனை வாங்கிக்கொண்டு வாழ்ந்தார்கள். அதே ஆண்டிஸ் நாட்டில் வெகுகாலம் கழித்து வந்த இன்கா பேரரசும் எழுத்து இல்லாமல், கிப்பு என்ற முடிச்சுக் கயிறுகளிலேயே களஞ்சியக் கணக்கையும் ஆள் கணக்கையும் வைத்துப் பேரரசு நடத்தியது. சீனாவில் யாங்சே முகத்துவாரப் பக்கம் லியாங்ஜு என்ற நெல் விவசாய நகரம் ஐயாயிரம் வருடத்துக்கு முன்பே பெரிய அணைகள் கட்டியது, அங்கே செல்வம் பச்சைக்கல் வடிவில் சிலரின் கல்லறையில் மட்டும் குவிந்து கிடக்கிறது.

நகரங்கள் வந்த வேகத்தை விடச் சீக்கிரம் போனதும் உண்டு. தெற்கு ஈராக்கில் பாய்ச்சிய தண்ணீர் வெயிலில் ஆவியாகி உப்பை மட்டும் வயலில் விட்டுச் சென்றது, கோதுமை தாங்கவில்லை, உப்பைக் கொஞ்சம் தாங்குகிற பார்லியையே மேலும் மேலும் நம்பினார்கள். சிந்துவெளியில் பருவமழை குறைந்தது, ஆறுகளும் மாறின, கி.மு. 1900க்குப் பிறகு பெரிய நகரங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஜனங்கள் அழிந்துபோகவில்லை, கிழக்கிலும் தெற்கிலும் சின்னச் சின்ன ஊர்களாகப் பிரிந்து போனார்கள். போகும்போது பயிரையும் மாட்டையும் பானை செய்யும் கையையும் கூட்டிக்கொண்டு போனார்கள். முத்திரை, எழுத்து, அந்தக் கனசதுர எடைக்கற்கள் மூன்றையும் எடுத்துப் போகவில்லை, அடுத்த சில தலைமுறை ஊர்களைத் தோண்டினால் அவை அரிதாகத்தான் கிடைக்கின்றன. எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவு ஊரில் அவற்றுக்கு வேலை இருந்திருக்காது.